பழுது இல்லை, பிடிக்கவில்லை: கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால் என்ன நடக்கும்?

பொருளில் குறை ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்ததும் மனசு ஒப்பவில்லை. சென்னைக் கடைகளில் இதை எப்படிக் கையாளுகிறார்கள்? கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்.

உஸ்மான் ரோடு பில்லிங்:
ஜவுளியில் காசு திரும்பாது, மாற்றித்தான் தருவார்கள். புடவை கவுன்ட்டருக்கு வந்ததும் சூப்பர்வைசர் பார்ப்பது நாலு விஷயம். டேக் நூல் அறுந்திருக்கிறதா, ஃபால்ஸ் அடித்திருக்கிறதா, முந்தியில் குச்சு கட்டியிருக்கிறதா, பிளவுஸ் பிட்டை வெட்டிவிட்டார்களா. இதில் ஒன்று ஆகியிருந்தாலும் கதை முடிந்தது. அதன்பிறகு பிரித்து முகர்ந்து பார்ப்பார். சென்ட் வாசனையோ மஞ்சள் கறையோ இருந்தால் "கட்டிட்டீங்களே மேடம்" என்பார். உள்ளாடை, வெட்டிய துணி ரெண்டையும் எந்தக் கடையிலும் தொட மாட்டார்கள்.

பாதி எக்ஸ்சேஞ்ச் நிறத்தால்தான் வருகிறது. கடை விளக்கில் மயில்கழுத்துப் பச்சை, வீட்டு வாசலில் பாசிப் பச்சை. பில் போடும் முன் வாசல் வரை கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரிய கடைகளிலும் கூடவே ஒரு பையனை அனுப்பி விடுவார்கள்.

நேரமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் வந்தால் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் ஆளே இருக்காது. வார நாளில் கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் வாருங்கள். அதே விலைக்கு அல்லது கொஞ்சம் கூடுதல் விலைக்கு எடுப்பது நல்லது. குறைந்த விலைக்கு எடுத்தால் மிச்சத்துக்கு கிரெடிட் நோட்தான் (அடுத்த முறை அதே கடையில் கழித்துக்கொள்ளும் சீட்டு) தருவார்கள், அதற்கு ஒரு கெடு தேதி அடித்திருப்பார்கள். ஆடித் தள்ளுபடியில் எடுத்ததை ஆடி முடிந்து மாற்றினால், தள்ளுபடி போக நீங்கள் கட்டிய தொகைதான் கணக்கு. புதிதாக எடுப்பதற்கு முழு விலை.

ரெடிமேடில் இன்னொரு சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. வரி தனியாகப் போடும் கடையில் 2,400 ரூபாய் குர்தா 2,520 ஆகும். அதைக் கொடுத்துவிட்டு 2,600 ரூபாய் குர்தா எடுத்தால் 3,068. டேக்கில் 200 வித்தியாசம், கையிலிருந்து போவது 548. கவுன்ட்டரில் அதிகம் சண்டை நடக்கும் இடம் இதுதான்.

கார்டு தேய்ப்பவன்:
"கார்டுல திருப்பிப் போடுங்க" என்பவர்களுக்கு: அன்றைய கணக்கை மெஷினில் செட்டில் செய்யும் முன் வந்தால் பரிவர்த்தனையையே ரத்து செய்யலாம். இரவு செட்டில் ஆகிவிட்டால் ரீஃபண்டாகத்தான் போடணும். பணம் வர அஞ்சாறு வேலை நாள் ஆகும். வங்கிக் கமிஷன் கடைக்குத் திரும்பாது என்பதால்தான் முதலாளி முகம் சுளிக்கிறார். ஈஎம்ஐ என்றால் பிராசஸிங் கட்டணத்தை மறந்துவிடுங்கள்.

சவரன் கணக்கு:
நகையில் "பிடிக்கலை" என்பது ரொம்பச் செலவு பிடித்த வார்த்தை. 8 கிராம் சங்கிலி, சேதாரம் 10 சதவீதம் என்று வையுங்கள். 8.8 கிராமுக்கு விலை போடுவார்கள். அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், அது 0.264 கிராமுக்குச் சமம். ஆக 9.064 கிராம் விலை கொடுத்திருக்கிறீர்கள். பழைய நகையாகத் திருப்பினால் அதிகபட்சம் 8 கிராமுக்குத்தான் காசு, ஒரு கிராமுக்கு மேல் போயிற்று. கல் வைத்ததென்றால் கல் எடையையும் கழிப்பார்கள். எடுக்கும் புது நகைக்கு முழு மதிப்பிலும் மறுபடி 3 சதவீதம்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பில்லை ரத்து செஞ்சு மாத்துறீங்களா, பழைய நகைக் கணக்கில எடுக்குறீங்களா?" பல கடைகளில் அன்றே, அல்லது சில நாளுக்குள், போடாமல் கொண்டுவந்தால் முதல் வழிக்கு ஒத்துக்கொள்வார்கள். ஆனால் இதைக் காசு கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கணும்.

ரிச்சி தெரு ஸ்பேனர்:
எலக்ட்ரானிக்ஸில் சீல்தான் எல்லாம். போனை ஆன் செய்து கணக்கில் நுழைந்தால் ஆக்டிவேஷன் தேதி கம்பெனியில் பதிவாகிவிடும். அப்புறம் அதைப் புதுசு என்று விற்க முடியாது. கேமரா சுமார், கலர் டல் என்பதெல்லாம் பழுதில் சேராது. மிக்ஸி சத்தமும் அப்படித்தான். டெமோ பீஸை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.

சின்னக் கடைகளில் பிரிக்காத கம்ப்யூட்டர் ரேமைத் திரும்ப எடுப்பார்கள், ஆனால் பில் விலைக்கு இல்லை, இன்றைய விலைக்கு. வாஷிங் மெஷின் வாங்கினால் பின்பக்க டிரான்சிட் போல்ட்டை (வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடிப்பது) கழற்றும் முன் இடம் சரியா என்று அளந்து பாருங்கள். இன்ஸ்டாலேஷன் ஆளைக் கூப்பிட்டு, அவர் தண்ணீர் இணைத்து ஓட்டிப் பார்த்துவிட்டால் அது பயன்படுத்திய பொருள். ஃபிளாட்டின் சர்வீஸ் பால்கனிக் கதவு அகலத்தை அளக்காமல் வாங்கித் தவிப்பவர்கள் ஏராளம்.

டைல்ஸ் கிடங்கு:
மீந்த டைல்ஸ் முழுப் பெட்டியாக, பிரிக்காமல் இருந்தால் எடுப்போம். பெட்டி மேல் இருக்கும் பேட்ச் எண் எங்கள் இருப்போடு ஒத்துப்போகணும். ஏற்றுகூலி, வண்டி வாடகை உங்களுடையது. மெஷினில் நிறம் கலந்த பெயின்ட் டப்பாவை மூடியே திறக்காவிட்டாலும் எடுக்க மாட்டோம், அந்த நிறம் வேறு யாருக்கு வேணும்?

மருந்துக்கடை அண்ணன்:
வெட்டாத ஸ்டிரிப், பில்லோடு வந்தால் பெரும்பாலும் மாற்றுவோம். வெட்டியதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போயிருந்தால் முடியாது. இன்சுலின் மாதிரி ஃபிரிட்ஜ் மருந்து வெளியே போனால் திரும்ப வாங்கவே கூடாது.

புரசைவாக்கம் வாசகி:
"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டு வைப்பதே சட்டவிரோதம்தானே? அதைச் சொல்லி வாங்கலாமே.

கன்ஸ்யூமர் கேஸ் பார்ப்பவர்:
மேடம், அது பாதி உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதைத்தான் நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். பழுதில்லாததைத் திருப்பி வாங்கும் கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. அங்கே சட்டம் பேசினால் கிடைக்க இருந்த எக்ஸ்சேஞ்சும் கைநழுவும்.

ஆனால் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் அது "பிடிக்கலை" இல்லை. பியூர் சில்க் என்று பில் போட்டு ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) கொடுத்தால் அது குறைதான். கடை ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடணும்.

எதற்கும் பில் வேணும். இப்போது வருவதெல்லாம் தெர்மல் தாள், வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்தால் எழுத்து அழிந்துவிடும். வாங்கின அன்றே போட்டோ எடுங்கள். அசலையும் தூக்கிப் போடாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் சீல் அதன் மேல்தான் குத்துவார்கள்.