என் மீட்டர் 249 காட்டுகிறது, மாமாவின் மீட்டர் 236: எதை நம்புவது?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். கரண்டு விஷயத்தில் நான் அரைகுறை, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா இருப்பது தோட்டத்தை ஒட்டிய பழைய தாமானில் (குடியிருப்பில்). போன தீபாவளிக்குப் பிறகு மூன்று எல்இடி பல்பு போய்விட்டது, ஐஸ்பெட்டியின் கம்ப்ரசரும் போய் 450 வெள்ளி (ரிங்கிட்) தண்டம். பழுது பார்க்க வந்தவர் "வோல்டேஜ் கூடுதலா வருது போல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார், அளந்தும் பார்க்கவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 25 வெள்ளிக்கு ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் வாங்கினேன். சமையலறைப் பிளக்கில் காலையில் 249. மாமா தன்னுடைய பழைய மீட்டரைக் கொண்டுவந்தார், அதே பிளக், அதே நேரம், 236! அவருடையதைவிட என்னுடையது புதுசு, ஆனால் அவருடையது விலை கூடியது. இன்னொன்று, சமையலறை விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் வைத்தால் மாமா மீட்டரில் 60 சொச்சம் வருகிறது, என்னுடையதில் வெறும் 9. அணைத்த பிறகும் கரண்டு எப்படி இருக்கும்? இரண்டில் எது பொய் சொல்கிறது, அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறதா?

பழைய_சார்ஜ்மேன்

தம்பி, முதலில் ஒரு கேள்வி. பிளக்கின் ஓட்டைக்குள் கம்பியை எப்படி விட்டீர்கள்? நம் ஊர் மூன்று கால் பிளக்கில் உள்ளே மூடி இருக்கும், மேல் ஓட்டையில் எதையாவது குத்தினால்தான் கீழ் இரண்டும் திறக்கும். ஸ்குரு டிரைவரைக் குத்திக்கொண்டு அளந்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஹார்ட்வேர் கடையில் பிளக்கில் அப்படியே செருகுகிற வோல்ட் மீட்டர் கிடைக்கும், வீட்டுக்கு அது போதும்.

இப்போது உங்கள் 249. மலேசியாவில் 2008 ஜனவரி முதல் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட், கூடினால் 10 சதவீதம், குறைந்தால் 6 சதவீதம். கணக்குப் போட்டால் 216 முதல் 253 வரை எல்லாமே சட்டப்படி சரிதான். அதற்கு முன்பு 240, கூட 5, குறைய 10, அதாவது 216 முதல் 252. பெயர்தான் மாறியது, வாசலில் வருகிற கம்பியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆக உங்கள் மீட்டர் உண்மையே சொன்னாலும் 249 என்பது எல்லைக்குள்தான். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில், ஊரே வேலைக்குப் போன பகலில் இப்படி வருவதில் அதிசயம் இல்லை.

ஆனால் அது உண்மை சொல்கிறதா என்பது தனிக் கதை. மீட்டரோடு வந்த தாளைக் குப்பையில் போடவில்லையென்றால் எடுத்துப் பாருங்கள். 600 அல்லது 750 வோல்ட் ஏசி (வீட்டுக்கு வருகிற, திசை மாறி மாறி ஓடுகிற கரண்டு) என்ற வரிக்கு நேரே "±1.2% ±10 டிஜிட்" என்ற மாதிரி இருக்கும். எல்லாரும் அந்த 1.2-ஐ மட்டும் பார்த்துவிட்டுப் பரவாயில்லையே என்பார்கள், கழுத்தறுப்பது பின்னால் நிற்கிற 10 டிஜிட்தான். அந்த ரேஞ்சில் மீட்டர் ஒவ்வொரு வோல்ட்டாகத்தான் எண்ணும், அதனால் 10 டிஜிட் என்றால் முழுசாக 10 வோல்ட். 249-இல் 1.2 சதவீதம் ஏறக்குறைய 3. இரண்டையும் கூட்டினால் 13. அதாவது திரையில் 249 என்றால் உண்மை 236-இலிருந்து 262-க்குள் எங்கேயும் இருக்கலாம், மீட்டரைச் செய்தவனே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். மாமாவின் 236 அந்த எல்லைக்குள் விழுகிறதா இல்லையா? இரண்டு மீட்டரும் சண்டை போடவில்லை தம்பி, நீங்கள்தான் மூட்டிவிடுகிறீர்கள்.

பக்கத்து_லயம்

அண்ணே 25 வெள்ளி மீட்டரில் 13 வோல்ட் தள்ளுபடி இலவசம் என்று சொல்லுங்கள் 😂

ஈப்போ_பட்டறை

நான் ஈப்போவில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். சார் சொன்ன கணக்கு சரி, ஆனால் அண்ணா, அதற்கும் முன்னால் மீட்டரின் முதுகைத் திறந்து 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். இந்த மஞ்சள் மீட்டர்கள் பெட்டியிலேயே ஒரு நோஞ்சான் பேட்டரியோடுதான் வரும். பேட்டரி சுமார் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே அளவுகோலாக வைத்திருக்கிற வோல்டேஜும் கூடவே இறங்கிவிடும். படி சுருங்கினால் அரிசி கூடுதலாகத்தான் அளந்து வரும் இல்லையா, அதே மாதிரி எதை அளந்தாலும் கூடுதலாகக் காட்டும். திரையில் பேட்டரிப் படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சில மலிவு மீட்டர்களில் அந்தப் படமே வராது.

வீட்டில் சோதிக்க வழி கேட்டீர்கள். புது ஆல்கலைன் ஏஏ பேட்டரி 1.5-க்குக் கொஞ்சம் மேலே, 1.6 வரை காட்டும். கார் பேட்டரி ஓய்வில் முழுச் சார்ஜில் 12.6-ஐ ஒட்டி. இதெல்லாம் மீட்டர் அடியோடு கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்ள மட்டும்தான், பேட்டரியை வைத்து மீட்டரைத் திருத்தப் போகாதீர்கள், எது எதைச் சோதிக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஏடி584 சில்லு வைத்த சின்னப் பலகை இணையக் கடைகளில் கிடைக்கிறது. 2.5, 5, 7.5, 10 என்று நான்கு வோல்டேஜ் கொடுக்கும், மலிவு மீட்டரைச் சோதிக்க அது தாராளம். என் மேசையில் ஒன்று இருக்கிறது, வாரம் ஒருமுறை எல்லா மீட்டரையும் அதில் தொட்டுப் பார்ப்பேன், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது மாதிரி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்தப் பலகை தருவது டிசி, பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடுவது. அதில் உங்கள் மீட்டர் அழகாகத் தேறினாலும் வீட்டுக் கரண்டையும் சரியாக அளக்கும் என்று சொல்ல முடியாது. ஏசி அளக்கும்போது மலிவு மீட்டரில் ஒரே ஒரு டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற உறுப்பு) அலையில் பாதியை வெட்டிவிடும், மீட்டர் மீதியின் சராசரியைப் பார்த்து, அலை ஒழுங்கான சைன் வடிவம்தான் என்று நம்பிக்கொண்டு ஒரு பெருக்கல் போடும். 230 வோல்ட் என்று நாம் சொல்கிற அலையின் உச்சி உண்மையில் 325 வோல்ட். அந்த உச்சி கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் கணக்கு நழுவும். ஏசிக்கு வழி ஒன்றுதான், நம்பகமான இன்னொரு மீட்டரை அதே இடத்தில் அதே நிமிடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஒப்பிடாதீர்கள்.

பழைய_சார்ஜ்மேன்

பேட்டரியை நான் மறந்தே போனேன், தங்கச்சி சொன்னதுதான் முதலில் செய்ய வேண்டியது.

அணைத்த விளக்கில் 60 என்று கேட்டது விட்டுப்போயிற்று. வோல்டேஜ் என்பது ஒரு கம்பிக்குள் அடைத்து வைத்திருக்கிற சாமான் இல்லை, இரண்டு இடத்துக்கு நடுவே உள்ள ஏற்ற இறக்கம். ஒரு கூலோம் மின்னூட்டம் அங்கிருந்து இங்கே வந்தால் ஒரு ஜூல் வேலை நடக்கும் என்றால் அது ஒரு வோல்ட். ஏற்றம் இருப்பது வேறு, வேலை செய்கிற அளவுக்கு ஓட்டம் கிடைப்பது வேறு. அணைத்த கம்பி, கரண்டு ஓடுகிற இன்னொரு கம்பியோடு ஒரே பைப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதிலிருந்து துளித்துளியாகக் கசிகிறது. மாமாவின் மீட்டர் நல்ல மீட்டர், உள்ளே சுமார் 10 மெகா ஓம் தடை, கிட்டத்தட்ட எதையுமே உறிஞ்சாது, அதனால் அந்தக் கசிவும் 60 வோல்ட்டாகத் தெரிகிறது. உங்களுடையதில் தடை மிகக் குறைவு, தொட்டவுடனே கசிவைக் குடித்துவிடும், 9-தான் மிச்சம். நான் வேலை பார்த்த மில்லில் நாங்கள் இதைப் பேய் வோல்டேஜ் என்போம். விலை கூடிய மீட்டருக்குத்தான் பேய் கண்ணில் படும்! அதற்காக 60 வந்தால் பேய்தான் என்று கையை வைத்துவிடாதீர்கள். சுவிட்சை, கரண்டு வருகிற கம்பியில் போடாமல் அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியில் போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அங்கே விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் முழுக் கரண்டு நிற்கும்.

மீட்டரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிப்பது பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நாட்டின் அளவுக்கெல்லாம் அடிப்படை சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் நிலையத்தில் இருக்கிறது, அதிலிருந்து படிப்படியாக இறங்கி வந்துதான் மில் மீட்டரில் ஒட்டுகிற ஸ்டிக்கர். 25 வெள்ளி மீட்டருக்கு அந்தச் செலவு, குதிரை விலையைவிட லாடத்தின் விலை கூடின கதை.

கடைசியாக இதைச் செய்யுங்கள். பேட்டரியை மாற்றுங்கள். செருகுகிற மீட்டர் ஒன்று வாங்கி, இரட்டைப் பிளக்கின் ஒரு பக்கம் அதைச் செருகி, மறு பக்கம் கெட்டிலைப் போட்டு, கெட்டில் ஓடாதபோது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று எழுதுங்கள். சமையலறையிலும் ஹாலிலும் தனித்தனியாக. மீட்டர் நாலு வோல்ட் தப்பாகக் காட்டினாலும் இந்த வித்தியாசம் அவ்வளவாகக் கெடாது. எனக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும்.

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கம்பியை எப்படி விட்டேன் என்று தயவுசெய்து மறுபடி கேட்காதீர்கள் சார், அம்மாவிடமும் திட்டு வாங்கியாகிவிட்டது.

பேட்டரியை மாமா மீட்டரால் அளந்து பார்த்தேன், 6.4. புதுசு போட்டவுடன் மஞ்சள் மீட்டர் அதே பிளக்கில் 241, மாமாவுடையது 237. இது நடந்தது நேற்றுச் சாயங்காலம். இன்று காலை செருகுகிற மீட்டரில், ஹாலில் கெட்டில் இல்லாமல் 237, கெட்டில் ஓடும்போது 234. சமையலறையில் கெட்டில் இல்லாமல் 238, ஓடும்போது 219. மூன்று முறை செய்தேன், இதேதான். கெட்டில் 2000 வாட். அப்புறம் அம்மா சொன்னார், அந்தப் பிளக்கில் கெட்டில் போட்டால் "டிக் டிக்" என்று சத்தம் வருமாம், மீன் பொரிக்கிற சத்தம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டாராம். கை வைத்துப் பார்த்தால் பிளக்கின் முகம் சுடுகிறது, இடது ஓட்டையின் ஓரம் லேசாகப் பழுப்பு. ஐஸ்பெட்டியும் அதே இரட்டைப் பிளக்கில்தான் இத்தனை வருடமாக இருக்கிறது.

பழைய_சார்ஜ்மேன்

அந்த 219-ஐ நன்றாகப் பாருங்கள். ஹாலில் இறங்கியது 3 வோல்ட், சமையலறையில் 19. மிச்சம் 16 வோல்ட் சமையலறைக்குப் போகிற வழியில் எங்கோ விழுகிறது. உங்கள் கெட்டில் அப்போது எட்டு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், பதினாறை எட்டால் பெருக்கினால் 130 வாட் வரும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, எரிகிறபோதே சுவருக்குள் வைத்துப் பூசியது மாதிரி. பழுப்பு நிறமும் சத்தமும் சேர்ந்தால் பிளக்கின் பின்னால் நியூட்ரல் ஸ்குரு தளர்ந்திருக்க வேண்டும், இடது ஓட்டை முன்னாலிருந்து பார்த்தால் நியூட்ரல்தான். அந்தத் தளர்ந்த இடத்தில் பொறி விட்டு விட்டு வந்தால் ஐஸ்பெட்டி கம்ப்ரசருக்கு அடி விழும். ஆக அந்தப் பழுதுபார்ப்பவர் சொன்னதற்கு நேர் எதிர், கூடுதல் இல்லை, குறைவு.

கெட்டிலை அதில் இனி போடாதீர்கள். ஐஸ்பெட்டியை எக்ஸ்டென்ஷன் வைத்தாவது ஹால் பிளக்குக்கு மாற்றிவிட்டு சமையலறைப் பிளக்கின் பிரேக்கரை அணைத்து வையுங்கள். ஸ்குருவை நீங்களே முறுக்கப் போக வேண்டாம், கருகிய முனையை வெட்டிப் புதுப் பிளக் போட வேண்டியிருக்கும், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஈப்போ_பட்டறை

வயர்மேன் வரும்போது மெயின் பெட்டியில் நியூட்ரல் ஸ்குருக்களையும் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா. மூன்று பல்பு போனது எந்த அறையில்? சமையலறைக்கு வெளியே என்றால் அதற்கு இந்தப் பிளக் காரணமாக இருக்காது.

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

இரண்டு சாமி அறையில், ஒன்று குளியலறையில். பிரேக்கரை அணைத்தாகிவிட்டது, வயர்மேன் சனிக்கிழமை வருகிறார். அதுவரை அம்மா ஹாலில் கெட்டிலை வைத்துத் தேத்தண்ணி போடுகிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லிச் சொல்லியே தாமான் முழுக்க இப்போது 219 என்ற எண் தெரிந்துவிட்டது.

பக்கத்து_லயம்

அந்த மூன்று பல்பும் எங்கே வாங்கியது, அதே பாசார் மாலாமா?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

... அதே கடைதான் அண்ணே. மீட்டருக்கு அடுத்த கூடையில் இருந்தது.