ராக் பேண்ட் டீப் பர்ப்பிளோட ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டு ஏன் இன்னும் கிளாசிக் வரிசையில் சேரல? எங்க கேட்டீங்க, எப்படி வாசிச்சாங்கன்னு சொல்லுங்க

அல்சூர்_பேஸ்
போன சனிக்கிழமை இந்திராநகர் பப் ஒண்ணுல ஒரு பேண்ட் இதை எடுத்தாங்க. முடிஞ்ச மாதிரி நின்னு திரும்பக் கிளம்புமே, அந்த இடம். கூட்டம் கைதட்டிடுச்சு. மிக்ஸர்ல இருந்தவர் இடைவேளைப் பாட்டைப் போட்டுட்டார். அதுக்கு மேலேயே டிரம்ஸ் உருளுது! பின்னாடி இருந்து ஒரு குரல்: “ஸ்மோக் ஆன் த வாட்டர்!” டீப் பர்ப்பிளோட ரொம்பப் பிரபலமான பாட்டு அது. ரெண்டும் அதே ஆல்பம்தான், மச்சா. ‘மெஷின் ஹெட்’, 1972. கிடார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ் நாலுக்கும் தனியா இடம் விட்டு, அஞ்சு நிமிஷத்துல முடிச்ச பாட்டு டீப் பர்ப்பிள்ல வேற எது?

ஃப்ரேசர்டவுன்_கிட்
அந்த பேண்டை நானும் கேட்டேன். தப்பு மிக்ஸர்ல இல்ல, டிரம்ஸ்ல. இது ஷஃபிள். ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு எண்ணணும், நடு எண்ணிக்கையைக் காலியா விடணும். வேகம் ஏறினதும் கை களைச்சு, மூணு ரெண்டாயிடும். பாட்டு அங்கேயே மார்ச் பாஸ்ட் ஆயிடுது. மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டற கருவி) நிமிஷத்துக்கு 80 அடியில வெச்சு ஆரம்பிச்சு அஞ்சஞ்சா ஏத்துங்க. ஸ்னேர் டிரம்ல இடையில விழற மெல்லிய தட்டுகள் எந்த வேகத்துல காணாமப் போகுதோ, அதுதான் உங்க எல்லை. அதுக்கு மேல மேடையில போகாதீங்க.

இன்னொண்ணு, டீப் பர்ப்பிள் டிரம்மர் இயன் பெய்ஸ் இடதுகைக்காரர். வீடியோவை நேரா பார்த்தா கண்ணாடியில பார்க்கிற மாதிரிதான் இருக்கும். வலதுகைக்காரங்க அப்படியே காப்பி அடிக்கலாம்.

ஜெயநகர்_நாதன்
“யாருக்கும் தெரியாத பாட்டு, அதான் கிளாசிக் ஆகல”னு வழக்கமா வர்ற புலம்பலை ஒத்துக்க முடியல. ராக் கேக்கறவன் வீட்டுல எல்லாம் இருக்கிற ஆல்பத்தோட முதல் பக்கம், மூணாவது பாட்டு. காரணம் வேற. ஆல்பத்துல இருந்து முதல்ல சிங்கிளா வந்தது ‘நெவர் பிஃபோர்’. 1972 ஆகஸ்ட்ல ஜப்பான்ல பதிவு பண்ணின லைவ் ஆல்பம் ‘மேட் இன் ஜப்பான்’ல ‘ஹைவே ஸ்டார்’, ‘ஸ்மோக்’, ‘லேஸி’, ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ நாலும் இருக்கு, இது இல்ல. அந்தக் காலத்துல ஒரு பாட்டை ஊர் ஊரா கொண்டுபோனது லைவ் ஆல்பம்தான். 1999-ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோட இதை வாசிச்சாங்க, கேட்டுப் பாருங்க. கிளாசிக் அந்தஸ்துக்கு ஆர்கெஸ்ட்ரா சாட்சி தேவையில்லதான், இருந்தாலும்.

கோரமங்களா_கீஸ்
நாதன் சார், லைவ் ஆல்பம் மட்டும் காரணம் இல்ல. பாதி பேண்டுக்கு ஆர்கன் சத்தமே வராது, அதான் யாரும் எடுக்கறதில்ல. எடுத்தாலும் கீபோர்டுல ‘ராக் ஆர்கன்’னு இருக்கிறதை அமுக்கிட்டு நிக்கறாங்க. டீப் பர்ப்பிள்ல ஆர்கன் வாசிச்ச ஜான் லார்ட், ஹாமண்ட் சி3 ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்ப்ல விட்டவர். அதனால முதல் வேலை, லெஸ்லி எஃபெக்டை (ஸ்பீக்கர் சுழலற மாதிரி சத்தம்) நிறுத்துங்க. ரிவர்பும் (எதிரொலி) வேண்டாம். டிராபார்ல (ஆர்கன் சத்தத்தைக் கலக்கற இழுப்புக் கம்பிகள்) இடது பக்கம் முதல் மூணையும் முழுசா இழுங்க, மத்தது பூஜ்யம். அப்புறம் ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கறது): ஒத்தை நோட்டு லேசா கரகரக்கணும், ரெண்டு நோட்டு உறுமணும். மூணு நோட்டு கார்டு அமுக்கினதும் சேறு மாதிரி ஆயிட்டா கெயின் (கரகரப்போட அளவு) அதிகம்னு அர்த்தம். கீழ் நோட்டை விட்டுடுங்க, அதை பேஸ் பார்த்துக்கும்.

பெர்கஷன் (நோட்டு ஆரம்பத்துல ‘டிக்’னு சேர்க்கற ஆர்கன் ஸ்விட்ச்) போட்டிருந்தா கவனம்: எல்லா விரலும் எடுத்த பிறகு வர்ற நோட்டுக்குத்தான் அந்த ‘டிக்’ விழும். ரிஃபை (திரும்பத் திரும்ப வர்ற மெட்டு) ஒட்டி ஒட்டி வாசிச்சா முதல் நோட்டு மட்டும் கேக்கும், மத்தது மொழுக்கையாயிடும். விரலைத் தூக்கித் தூக்கி வாசிங்க. வால்யூம் பெடல்ல கால் எப்பவும் இருக்கணும், பாட்டுக்காரர் வாயைத் திறந்ததும் பாதிக்கு இறக்கணும். கிடாரிஸ்ட் அதே ரிஃபை வாசிக்கும்போது அவர் டோன்ல பிரசென்ஸை (ஆம்ப்ல கூர்மையான மேல் சத்தம்) குறைச்சா ரெண்டும் ஒரே வாத்தியம் மாதிரி ஒட்டும். மானிட்டர்ல கீபோர்டு கேக்கலன்னா…

அல்சூர்_பேஸ்
அண்ணே, பாட்டைப் பத்திக் கேட்டேன், நீங்க கீபோர்டு கிளாஸே நடத்திட்டீங்க. சரி, பேஸ் தனிக்கும் ரெண்டு வரி. டீப் பர்ப்பிள் பேஸிஸ்ட் ரோஜர் க்ளோவர் விரல்ல இல்லாம பிக்ல (கம்பியைத் தட்டற சின்னத் தகடு) வாசிக்கிறவர். விரல்ல வாசிச்சு, நடு அலைவரிசையையும் வெட்டி வெச்சா, சப்-ஊஃபர் நடுங்கும், ஆனா எந்த நோட்டுன்னு யாருக்கும் புரியாது. 500-ல இருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்துங்க, பிரிட்ஜ் (கம்பி முடியற இடம்) பக்கத்துல அடிங்க, பழைய கம்பியை மாத்துங்க.

சிவாஜிநகர்_மோனோ
இந்த ஆல்பத்தைப் பதிவு பண்ண இருந்த சுவிட்சர்லாந்து மோந்த்ரோ கேசினோ எரிஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும். பதிவு நடந்தது குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல் நடைபாதையில, சுவத்துல மெத்தையைச் சாத்தி வெச்சு. வெளியில நின்ன ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டோட ரெக்கார்டிங் வண்டிக்குப் போய்க் கேக்கணும்னா அறை, பால்கனி எல்லாம் தாண்டணும். அதனால போட்டுக் கேக்கறதையே குறைச்சுட்டாங்க. அந்த வறண்ட டிரம்ஸ் சத்தம் வேற எங்கயும் கிடைக்காது. இன்ஜினியர் மார்ட்டின் பர்ச். 2007-ல பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டனுக்குக் கத்தினவங்க எல்லாம் அவர் பேரை அந்த பேண்டோட ஆல்பங்கள்ல, ‘கில்லர்ஸ்’ல இருந்து ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ வரைக்கும் பார்த்திருப்பீங்க.

அல்சூர் தம்பி, பேஸ் தனியைப் பழகணும்னா 1997-ல க்ளோவரே பண்ணின ரீமிக்ஸ்ல கேளு. 2024-ல வந்த மிக்ஸ் டுவீசில் ஸாப்பா பண்ணினது. கேசினோ எரிஞ்ச அன்னிக்கு மேடையில இருந்த ஃப்ராங்க் ஸாப்பாவோட பையன்.

ஜெயநகர்_நாதன்
ரீமிக்ஸ் எல்லாம் வேண்டாம். 1972 மிக்ஸ், நல்ல ஹெட்ஃபோன், போதும்.