'ஒட்டுமரம்' வேண்டாம், 'அடுக்குமரம்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேசை நாற்காலி மூட்டுகள் பற்றிய கலைச்சொற்களாக 'ஒட்டுமரம்', 'இணைப்புத் திறன்' ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. மர ஏடுகளை, அதாவது மெல்லிய மரத்தகடுகளை, பசையிட்டு அடுக்கிச் செய்யும் மரத்துக்கு 'ஒட்டுமரம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஒட்டுமாங்கன்று என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தோட்டத்து மரமாகவே ஒலிக்கும். அதைவிடப் பெரிய குறை, அது பசையைச் சொல்லி இழையை, அதாவது மரத்தின் நார் ஓட்டத்தை, விட்டுவிடுகிறது.

மேசை நாற்காலிகளின் மூட்டு நிற்பதும் விடுவதும் இழையின் போக்கால்தான். பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடக்கின்றன. அதன் விளிம்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக இழைமுனை, அதாவது நாரின் வெட்டுமுனை, தெரியும். இழைமுனை பசையைக் குடித்துவிடுவதால் பிடிப்புக் குறைகிறது. விளிம்பில் திருகாணி ஏற்றினால் ஆப்பு இறங்கியதுபோல் ஏடுகள் பிளக்கும். அதையே பலகையின் அகன்ற முகத்தில் ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும். எல்லா ஏடுகளும் ஒரே போக்கில் ஓடும் வகையோ முழுமரத்தைப் போலவே நடந்துகொள்கிறது. மூட்டுத் துளையில் செருக அதில் வெட்டிய நாக்கில் எல்லா இழையும் நீளவாட்டில் ஓடுவதால் சுமையைத் தாங்குகிறது.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் 'அடுக்குமரம்', வகைகள் 'நேரிழை அடுக்குமரம்', 'குறுக்கிழை அடுக்குமரம்'. பிளைவுட்டுக்கு அச்சில் நிலைத்துவிட்ட 'ஒட்டுப்பலகை' இருக்கட்டும்.

'ஏடு' பழஞ்சொல் என்று தயங்க வேண்டாம். பாலேடு இன்றும் வீட்டுச் சொல்தானே. பின்லாந்தின் ஆல்வர் ஆல்ட்டோ 1933இல் வடிவமைத்த முக்காலியை அந்தச் சொல்லால் எளிதாக விளக்கிவிடலாம். பிர்ச் மரக் காலில் வளைய வேண்டிய இடத்தில் மட்டும் இழைப்போக்கில் கீறல்கள் அறுத்து, ஏடுகளைப் பசையோடு செருகி, செங்கோணமாக வளைத்தார். வளைந்த கால் இருக்கையின் அடியில் திருகாணியால் நேரே பொருந்துகிறது. துளையும் நாக்கும் தேவைப்படவில்லை. எவ்வளவு அழகான தீர்வு!

மூட்டின் உறுதியைக் குறிக்க 'இணைப்புத் திறன்' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. 'மூட்டு வலிமை' வேறு, 'மூட்டு விறைப்பு' வேறு. உடையாமலே ஆடும் நாற்காலியில் குறைவது விறைப்பு. மூட்டு கெடும் விதங்களையும் 'பசை விடுதல்', 'மரம் கிழிதல்' என்று பிரிக்க வேண்டும். நல்ல பசை பிடித்த இடத்தில் முதலில் கிழிவது மரம்தான்.

மூட்டுக்குள் செருகும் உருண்டைக் குச்சிக்கு 'முளை' போதுமா? மாடு கட்டும் முளை இருப்பதால் எனக்கு உறுத்தவில்லை. தச்சுப்பட்டறையில் பழகியவர்கள் சொல்லுங்கள்.