ஆரம்ப கால சிடி பிளேயர்: விலை கம்மியானதை எதை வச்சு தேர்ந்தெடுத்தாங்க?

நாடாப்பிரியன்
எல்லாருக்கும் வணக்கம். 80கள்ல வந்த ஆடியோ பத்திரிகை கொஞ்சம் கையில கிடைச்சுது, புரட்டிட்டு இருக்கேன். சிடி பிளேயர் விளம்பரம் அத்தனையும் ஒரே பல்லவி பாடுது, 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நேர்கோடு, டைனமிக் ரேஞ்ச் (ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கும் ரொம்பப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 90 டெசிபலுக்கு மேல, வாவ் ஃப்ளட்டர் (சுத்துற வேகம் ஏறி இறங்குறதால வர்ற ஸ்ருதி ஆட்டம்) அளக்கவே முடியாது. 1982 அக்டோபர்ல சோனி சிடிபி-101 ஜப்பான்ல 1,68,000 யென்னுக்கு வந்திருக்கு, ரெண்டு வருஷம் கழிச்சு 1984 நவம்பர்ல அதே கம்பெனியோட கையடக்க டி-50 வெறும் 49,800 யென். பேப்பர்ல பார்த்தா ரெண்டுக்கும் பெரிசா வித்தியாசம் தெரியல. அப்ப கையில கொஞ்சமா காசு வச்சிருந்தவங்க இது தேறும் இது தேறாதுன்னு எப்படி முடிவு பண்ணாங்க? 14 பிட், 16 பிட்னு (ஒலியோட ஒவ்வொரு அளவையும் எவ்ளோ நுணுக்கமா எண்ணா எழுதுறாங்கங்கிற கணக்கு) வேற பக்கம் பக்கமா அடிச்சுக்கிட்டிருக்காங்க, அது நெஜமாவே காதுக்குத் தெரிஞ்சுதா? அந்த மிஷின் வச்சிருந்தவங்க, கழட்டிப் பார்த்தவங்க யாராவது சொல்லுங்க. எல்லா சிடி பிளேயரும் ஒண்ணுதான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க, அதைத்தான் விளம்பரமும் சொல்லுது.

ஒலிக்கிறுக்கன்
பிட் சண்டையை முதல்ல முடிச்சிடுவோம். பிலிப்ஸ் ஆளுங்க முதல்ல 14 பிட் போதும்னுதான் நினைச்சாங்க, சோனி 16 வேணும்னு நின்னுச்சு, கடைசியில ஸ்டாண்டர்டு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்னு (ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளவெடுக்கிறது) முடிவாச்சு. ஆனா பிலிப்ஸ்கிட்ட அப்ப தயாரா இருந்தது 14 பிட் சிப்தான், டிடிஏ1540. அதைத் தூக்கிப் போடாம அவங்க ஒரு வேலை பண்ணாங்க, சிக்னலை நாலு மடங்கு வேகத்துக்கு, அதாவது 176.4 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்தி (இதுக்குப் பேர்தான் ஓவர்சாம்பிளிங்), சிப்புக்குள்ள அடங்காத மிச்சத்தால வர்ற இரைச்சலை காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி விட்டாங்க. அதனால காதுக்குக் கேக்குற பகுதியில கிட்டத்தட்ட 16 பிட் அளவு சுத்தம் கிடைச்சிடுச்சு.

சோனி முதல் மாடல்ல 16 பிட் இருந்துச்சு, ஓவர்சாம்பிளிங் இல்ல. ஓவர்சாம்பிளிங் இல்லன்னா என்ன ஆகும்னா 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் முழுசா விடணும், 22 கிலோஹெர்ட்ஸ் தாண்டினதும் சுத்தமா அடைக்கணும், இந்த சின்ன இடைவெளிக்குள்ள அவ்ளோ செங்குத்தா வெட்டுற ஃபில்டரை காயில் கப்பாசிட்டர் வச்சு அனலாக்ல கட்டணும், அது மேல் ஸ்தாயியில ஃபேஸை, அதாவது அலைகளோட நேர ஒழுங்கை, திருகிடும். இன்னொண்ணு, சிடிபி-101ல ஒரே டிஏசிதான் (டிஸ்க்ல இருக்கிற எண்ணை ஒலி சிக்னலா மாத்துற சிப்), இடதுக்கும் வலதுக்கும் மாத்தி மாத்தி வேலை பார்க்கும், அதனால ஒரு சேனல் சுமார் 11 மைக்ரோ செகண்ட் லேட்டா வரும். ஸ்டீரியோவா கேட்டா யாருக்கும் தெரியாது, ரெண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினா 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு டெசிபல் சொச்சம் குறையும், அவ்ளோதான். ஆக முன்பக்கம் 16 பிட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதைப் பார்த்து வாங்கினவங்க ஸ்டிக்கரைத்தான் வாங்கினாங்க.

பெஞ்ச்மேட்
மேல சொன்னதெல்லாம் சரி ஆனா அதெல்லாம் பெட்டிக்குள்ள ரெண்டாவது பாதி. முதல் பாதி லேசர், மோட்டார், சர்வோ (லேசரைத் தடத்துலயே பிடிச்சு வைக்கிற கட்டுப்பாட்டு சர்க்யூட்). விலை கம்மியான பிளேயர்ல எங்க கை வைப்பாங்கன்னு கேட்டா நான் முதல்ல அங்கதான் பார்ப்பேன், ஏன்னா அந்தப் பக்கம் சொதப்பினா டிஏசி எவ்ளோ நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்ல. டிஸ்க்ல ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், நடு ஓட்டை லேசா மையம் தள்ளி இருந்தாலோ தட்டு லேசா வளைஞ்சு இருந்தாலோ லென்ஸ் ஒவ்வொரு சுத்துக்கும் ஓடி ஓடிப் பிடிக்கணும்.

கடையில டெமோ போடுறவர் எப்பவும் முதல் பாட்டைத்தான் போடுவார், அதுல ஒண்ணும் தெரியாது. சிடி உள்பக்கத்துலேர்ந்து வெளியே படிக்கும், முதல் பாட்டு நடுவுல இருக்கு, அங்க நிமிஷத்துக்கு 500 சுத்து, வெளி ஓரத்துக்குப் போகும்போது 200க்கு இறங்கிடும். வளைவு, ஆட்டம், அழுக்கு கை பட்ட இடம் எல்லாம் வெளி ஓரத்துலதான் அதிகம். அதனால விவரம் தெரிஞ்சவங்க 70 நிமிஷத்துக்குப் பக்கத்துல ஓடுற டிஸ்க் ஒண்ணைத் தாங்களே எடுத்துட்டுப் போய் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுவாங்க. அது ஓடும்போது மூடி மேல விரலால லேசா தட்டிப் பாருங்க, உடனே குதிச்சா வச்சிடுங்க. அப்புறம் முதல் பாட்டுலேர்ந்து கடைசிக்குத் தாவ விடுங்க, நல்ல மெக்கானிசம் சட்டுனு போய் உட்காரும், சுமாரானது போயி, தாண்டி, திரும்பி வந்து, மறுபடி தேடும், அந்த கிர்ர் கிர்ர் சத்தமே சொல்லிடும்.

கீறலைப் பத்தியும் ஒரு வார்த்தை. பிழை திருத்தம் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ச்சியா டேட்டா போனாலும் முழுசா மீட்டுடும், அதனால மையத்துலேர்ந்து ஓரத்துக்கு நேரா போற கீறல் பயமில்ல, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம்தான் போகும். தடத்தோடயே வளைஞ்சு போற கீறல்தான் ஆபத்து, டிஸ்க்கை வட்டமா துடைக்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான். எல்லாரும் பளபளக்கிற பக்கத்தையே பொத்திப் பொத்தி வைப்பாங்க, ஆனா அலுமினியப் பூச்சு இருக்கிறது லேபிள் பக்கத்து லாக்கருக்குக் கீழ, அங்க கீறல் விழுந்தா டிஸ்க்கே காலி.

வால்யூம்குமிழ்
பெஞ்ச்மேட் சொன்னதுக்கு ஒரு ஓட்டு. கூட ஒண்ணு சேர்த்துக்கிறேன், விலையைக் குறைக்க எதை எடுத்தாங்கங்கிறதையும் பார்க்கணும். ரிமோட், ஹெட்போன் ஓட்டை, பாட்டை வரிசை மாத்திப் போடுற புரோகிராம் வசதி, இதெல்லாம் எடுத்துட்டாங்கன்னா சந்தோஷமா வாங்கலாம், சத்தத்துக்கு ஒரு குறையும் வராது.

வாங்கிட்டு வந்து சத்தம் காதைக் கிழிக்குதுன்னு புலம்பினவங்கள்ல சில பேர் வயரை ஆம்ப்ளிஃபயர்ல (ஆம்ப்) ஃபோனோ ஓட்டையில சொருகியிருப்பாங்க. பிளேயர் வெளியே அனுப்புறது உச்சத்துல 2 வோல்ட் பக்கம், ஃபோனோ ஓட்டை எதிர்பார்க்கிறது கிராமபோன் ஊசியிலேர்ந்து வர்ற சில மில்லிவோல்ட், அதை நூறு மடங்கு பெருக்கி பாஸையும் தூக்கிக் கொடுக்கும். ஆக்ஸ் இல்லன்னா டேப் ஓட்டை, அதுல போட்டா சரியாயிடும். ஒழுங்கா சொருகியும் கூர்மையா கேட்டுச்சுன்னா பாதி நேரம் தப்பு டிஸ்க்கோடது, எல்பி வெட்டுறதுக்குன்னு மேல் ஸ்தாயியை ஏத்தி வச்சிருந்த டேப்பை அப்படியே சிடில இறக்கின கதையெல்லாம் உண்டு.

நாடாப்பிரியன்
அருமை அருமை, கடைசிப் பாட்டு விஷயம் எந்தப் பத்திரிகையிலயும் நான் பார்க்கல. பெஞ்ச்மேட் அண்ணா, அப்ப டி-50 எப்படி? நாலு சிடி உறையை அடுக்கி வச்ச அளவுதான்னு போட்டிருக்கு, விலையும் கம்மி, அதை வீட்டு பிளேயர் மாதிரியே ஆம்ப்ல மாட்டிக்கலாமா? இல்ல ஒரு வருஷம் பொறுத்திருந்தா இன்னும் நல்லது வந்திருக்குமா?

ஒலிக்கிறுக்கன்
பொறுத்தவங்களுக்கு லாபம்தான். 1985 வாக்குல பிலிப்ஸ் டிடிஏ1541 கொண்டு வந்துச்சு, அது முழு 16 பிட், கூடவே நாலு மடங்கு ஓவர்சாம்பிளிங், அந்த சிப் பல கம்பெனி பெட்டிக்குள்ள போச்சு. பிட்டா ஓவர்சாம்பிளிங்காங்கிற சண்டைக்கே வேலை இல்லாம போயிடுச்சு.

பெஞ்ச்மேட்
பொறுக்கிறதெல்லாம் பேச நல்லா இருக்கும் ஒலிக்கிறுக்கன், பொறுத்துக்கிட்டே இருந்தா அடுத்த வருஷமும் ஒரு சிப் வரும், பாட்டு எப்ப கேக்குறது?

தம்பி, டி-50யை தாராளமா ஆம்ப்ல மாட்டலாம், லைன் அவுட் (ஆம்ப்புக்கு சிக்னல் அனுப்புற ஓட்டை) இருக்கு. மேஜை மேல வச்சுக் கேட்டா நல்லாவே பாடும். நடந்துக்கிட்டே கேக்கலாம்னு மட்டும் நினைச்சிடக்கூடாது, குதிச்சா சமாளிக்க முன்கூட்டியே படிச்சு வைக்கிற மெமரி எல்லாம் அதுல கிடையாது, அது ரொம்ப வருஷம் கழிச்சுதான் வந்துச்சு.

இப்ப அந்தக் கால பிளேயர் ஏதாவது வாங்கிப் பார்க்கிற ஐடியா இருந்தா, டிஸ்க் சுத்தலன்னதும் லேசர் போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. அடியில டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ இருக்கான்னு முதல்ல பாருங்க, வண்டியில ஏத்தி அனுப்பும்போது லேசர் ஆடாம இருக்க கம்பெனியிலயே பூட்டி அனுப்புவாங்க, எத்தனையோ பேர் அதைக் கழட்டாமலே செட் ரிப்பேர்னு தூக்கிட்டு வந்திருக்காங்க. அதைக் கழட்டி, லென்ஸைத் துடைச்சு, டிராயர் பெல்ட்டையும் மாத்தி, அப்புறமும் ஓடலன்னா எந்த மாடல்னு இங்க போடுங்க. ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, செட்டை மறுபடி எங்கயாவது அனுப்பணும்னா வேணும், எங்க வச்சோம்னு மறக்காம இருக்க பின்பக்கத்துலயே டேப் போட்டு ஒட்டி வைங்க.

நாடாப்பிரியன்
ஐடியா இல்ல அண்ணா, ஏற்கனவே ஒண்ணு வந்திறங்கிடுச்சு, மேல்பக்கம் மூடி திறக்கிற பிலிப்ஸ். உள்ள லென்ஸ் நேர்கோட்டுல போகாம ஒரு கை மாதிரி வளைஞ்சு போகுது, அது அப்படித்தானா?

பெஞ்ச்மேட்
அப்படியேதான், அது ஸ்விங் ஆர்ம். சறுக்கிப் போற தண்டவாளமும் பல்சக்கரமும் இல்லாததால தேய்மானம் ரொம்ப கம்மி. எண்ணெய் கிண்ணெய் எதுவும் விட்டுடாதீங்க அதுல.