கானாங்கெளுத்தி: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

பவழத்திட்டின் மேல் மிதந்துகொண்டிருந்தபோது எதிரே வந்த கூட்டத்தை முதலில் நான் பொருட்படுத்தவில்லை. சட்டென்று அத்தனை மீன்களும் ஒருசேர வாயைப் பிளந்தன. தாடை தொங்க, செவுள்மூடிகள் இருபுறமும் விரிய, ஒவ்வொரு தலையும் ஒரு வெள்ளிக் கூடையாக மாறியது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அவை செவுள்முட்களால் வடிகட்டி உண்கின்றன என்பது தெரிந்திருந்தும், முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கடந்த அந்த நொடியில் உடல் சிலிர்த்துவிட்டது.

*

என் அனுபவம் தட்டோடு முடிந்தது. முதல் வாயிலேயே நாக்கில் மிளகுக் காரம்போல் ஒரு சுருக்கு. சற்று நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடத்தது. ஒவ்வாமை என்றார்கள். அன்றிலிருந்து கானாங்கெளுத்தியை மட்டுமல்லாமல், பெயர் ஒன்றாக இருப்பதால் கெளுத்தியையும் விட்டுவிட்டேன்.

*

மேலே எழுதியவர் கெளுத்தியின் மேல் ஏன் பழி போடுகிறார் என்று புரியவில்லை. கெளுத்திக்கு மீசை உண்டு, செதில் கிடையாது. கானாங்கெளுத்திக்கோ மீசை இல்லை. வாலை ஒட்டி மேலும் கீழும் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். இது சூரை, வஞ்சிரம் ஆகியவற்றின் குடும்பம்.

எங்கள் வீட்டில் ஒரே மீனை உண்ட மூவருக்கும் ஒரே நேரத்தில் கழுத்து சிவந்தது. மூவருக்கும் ஒருசேர ஒவ்வாமை வருமா? பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் வைக்காவிட்டால், அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியாக்கள், ஒவ்வாமை போன்ற சிவப்பையும் படபடப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அப்படி உண்டான ஹிஸ்டமின் பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது, மணத்தை வைத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, பிடித்த நேரம்முதல் குளிரில் இருந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதை வெளியே போட்டுவைக்காதீர்கள். நாக்கு சுருக்கென்றால் அடுத்த வாயை எடுக்காதீர்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உண்மையான மீன் ஒவ்வாமையும் உண்டு என்பதால், மீண்டும் உண்ணும் முன் மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது நல்லது.

*

அறிவுரை கிடக்கட்டும். அருங்காட்சியகக் கண்ணாடிக் குடுவை ஒன்றில் வெளிறிக் கிடந்த மீனின் சீட்டில் ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்டா, கூவியே, 1816’ என்று கானாங்கெளுத்தியின் அறிவியல் பெயரையும், அதற்குப் பெயரிட்டவரையும் ஆண்டையும் படித்தபோது, ‘கனகுர்டா’ என்ற உள்ளூர்ப் பெயர் அறிவியலுக்குள் நுழைந்துவிட்டதே என்று வியந்து நின்றேன். எங்கள் பக்கத்தில் இதையே அயிலை என்போம். முதலில் எழுதியவர் கண்டது கானாங்கெளுத்திதானா? முதுகோரத்தில் கரும்புள்ளி வரிசை இருந்ததா?