கார் விபத்து இழப்பீடு: இப்போதே கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தையல்காரி

சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து வந்த கார் இடித்துவிட்டது. ஓட்டியவர் கணவர், பக்கத்து இருக்கையில் இருந்த நான் முன்பக்கம் வலக்கையை ஊன்றிவிட்டேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனால் கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் குழி விழுமே, அந்த இடத்தைத் தொட்டாலே உயிர் போகிறது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. தைக்க வாங்கிய துணிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இடித்தவரின் காப்பீட்டு நிறுவனமோ, மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், ‘முழு இறுதித் தீர்வு’ படிவத்தில் கையெழுத்திடுங்கள் என்று ஓயாமல் அழைக்கிறது. பணம் அவசரமாகத் தேவை. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: எலும்புப் பிரிவு செவிலியர்

முதலில் கையைப் பாருங்கள், சகோதரி. அந்தக் குழியில் வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு; கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், பின்னாளில் மணிக்கட்டே தேய்ந்துவிடக்கூடும். அதுவரை மணிக்கட்டு அசையாதபடி கட்டுப் போட்டே வைத்திருங்கள்.

பதில்: இழப்பீட்டுப் பிரிவில் பணியாற்றியவன்

கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. இந்தக் காயத்துக்காக இனி எதுவும் கேட்க மாட்டேன் என்பதுதான் அந்தப் படிவம். பிறகு அறுவை சிகிச்சை என்றால் செலவு உங்கள் தலையில். கை எவ்வளவு தேறும் என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகு தொகையைப் பேசுங்கள். கார் பழுதுக்கான பணத்தைத் தனியே வாங்கலாம். அதற்குக் கையெழுத்திடும் தாளில் உடல்காயம் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வருமானத்தைத்தான் அதிகம் வெட்டுவார்கள். உங்கள் அளவு நோட்டுதான் சாட்சி. யாருடைய துணி, என்ன கூலி, எந்தத் தேதியில் திருப்பினீர்கள் என்று எழுதி, வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். விபத்துக்கு முந்தைய பக்கங்களையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கமான வரும்படியை அவைதான் காட்டும். வழக்குப் போடக் காலவரம்பு உண்டு. அதை ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

தையல்காரி

நன்றி ஐயா, நன்றி சகோதரி. எம்ஆர்ஐக்கு எழுதி வாங்கிவிட்டேன். இடைக்காலமாக ஏதாவது கேட்க வழி உண்டா?

இழப்பீட்டுப் பிரிவில் பணியாற்றியவன்

சில இடங்களில் உண்டு. கடிதமாகக் கேளுங்கள். ‘இறுதித் தொகையில் கழித்துக்கொள்ளும் முன்பணம்’ என்று அவர்கள் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள்.