அமிட்ரிப்டிலின் தொடங்கும் முன் இ.சி.ஜி. எதற்கு?

கேள்வி:
அறுபது வயதைக் கடந்த என் தாயாரின் மனச்சோர்வுக்கு ஃபுளூவாக்ஸெடின் பலன் தராததால், அதைப் போன வாரம் நிறுத்திவிட்டு அமிட்ரிப்டிலின் தொடங்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். அதற்கு முன் இ.சி.ஜி. எடுத்து வரச் சொன்னதும் அம்மா பயந்துபோனார். நெஞ்சுவலியே வந்திராதவருக்கு இது எதற்கு? அவருக்கு எப்படி விளக்குவது?

பதில் 1:
இதயத்தில் நோய் இருக்கிறது என்ற சந்தேகத்தால் கேட்கப்படும் பரிசோதனை அல்ல இது என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் முதலிய பழைய ட்ரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகள், இதயத் தசைச் செல்களுக்குள் சோடியம் நுழையும் வழியை ஓரளவு அடைப்பதால், துடிப்பை எழுப்பும் மின்தூண்டல் பரவும் வேகம் குறைகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் இதயத்தின் மின்கடத்தும் கிளைகளில் ஏற்கெனவே அடைப்பு (இரத்தக்குழாய் அடைப்பு அல்ல, மின்தூண்டல் செல்வதில் தடை) உள்ளவருக்கு, அது தூண்டல் கீழறைகளை எட்டவே முடியாத முழு அடைப்பாக மாறக்கூடும். அத்தகைய அடைப்பு பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது என்பதால்தான், வலி இல்லாதவருக்கும், குறிப்பாக வயதானவருக்கு, இ.சி.ஜி. கேட்கிறார்கள். அதில் பி.ஆர். (தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் நேரம்), கியூ.ஆர்.எஸ். (கீழறைகளில் பரவும் நேரம்), கியூ.டி. (கீழறைகள் தூண்டப்பட்டு மீளும் நேரம்) ஆகிய இடைவெளிகளைப் பார்ப்பார்கள்; துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய கியூ.டி. 500 மில்லிநொடியைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் வேறு மருந்தைத்தான் நாடுவார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு இந்த மருந்துகளே கூடாது.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இ.சி.ஜி. தாளை மட்டும் நம்பிவிடக் கூடாது. அம்மாவுக்கு எப்போதாவது மயக்கம் வந்ததா, இரத்த உறவில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்தார்களா, பொட்டாசியத்தைக் குறைக்கும் நீர்மாத்திரை எதையும் சாப்பிடுகிறாரா என்பவற்றை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். ஃபுளூவாக்ஸெடின் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் உடலில் தங்கி, அமிட்ரிப்டிலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், குறைந்த அளவு கொடுத்தாலும் இரத்தத்தில் அது கூடிவிடும். ஆகவே நிறுத்திய தேதியை அவசியம் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இ.சி.ஜி. சரியாக இருந்தால் பிறகு கவலையில்லையா?

பதில் 2:
அளவைக் கூட்டிய பின் மீண்டும் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றுவது முதியவர்களுக்கு அடிக்கடி நேரும் என்பதால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இம்மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு மட்டும் வாங்கி, உங்கள் பொறுப்பிலேயே வைத்திருங்கள்.